ஒரு சுங்கான் நேரம்

இல்ல, நீ உக்காரு. கடுதாசியைக் கையில திணிச்சிட்டு அப்படியே பைக்ல ஏறிப் போறதுக்கு நீ என்ன தபால்காரனா? லுபோவா பெத்த பையன்டா நீ. இந்த முத்தத்துல அம்மணமா ஓடினவன். உக்காருன்னா உக்காரு. அந்த ஸ்டூல் வேண்டாம், கால் ஆடும். பாய்ல உக்காரு. பேன்ட் அழுக்காச்சுன்னா கம்பாலாவுல போய்த் துவைச்சுக்கோ.

நாலோங்கோ! தம்பி வந்திருக்கான், டீ போடு. இஞ்சியைத் தட்டிப் போடு, முழுசாப் போடாதே. கேட்டுதா? ம். என் பொண்டாட்டிக்குக் காதெல்லாம் நல்லாத்தான் கேக்கும். பதில்தான் வராது. உங்கப்பன் போனதுலேருந்து ஆறு மாசமா இப்படித்தான்.

இரு, கண்ணாடி போட்டுக்கறேன். உங்க குலத்துப் பெரியவங்க என்ன காவியம் எழுதியிருக்காங்கன்னு பாக்கணும்ல. வர்ற சனிக்கிழமை காலமான லுபோவாவுக்குக் கடைசிச் சடங்கு, மகன் செர்வாங்காவுக்கு வாரிசுப் பட்டம். சரி. சந்தோஷம். மரப்பட்டைத் துணியைத் தோள்ல கட்டிட்டு வாசல்ல நில்லு, நல்லா இருப்பே. அப்புறம் என்ன? ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் கிபிராங்கோ வரலாம், சாப்பிடலாம், மேளத்தைத் தொடக் கூடாது. பாத்தியா? சாப்பிடலாமாம்! உங்க வீட்டு வாழைக்காய் மசியலுக்கு நான் நாக்கைத் தொங்கப் போட்டுட்டு அலையறேன் பாரு. காரணமும் எழுதியிருக்காங்க. புதைக்காத பொணத்துக்குப் பக்கத்துல மேளம் அடிச்சவர். கீழ உங்கத்தை நபகாலா கையெழுத்து. அதுக்கும் கீழ சேர்மன் முத்திரை. முத்திரை எதுக்குடா? நான் மாடு திருடினேனா?

நீ தலையைக் குனியாதே. உன்னைத் திட்டல. உன்னையும்தான் திட்டறேன், ஆனா உன் முறை இன்னும் வரல.

எனக்குத் தெரியாதா அந்த முறை? ஊர்ல ஒரு சாவு விழுந்தா, மண்ணுக்குள்ள வைக்கற வரைக்கும் ஒருத்தன் மம்பட்டியைத் தூக்க மாட்டான், ஒருத்தன் மேளத்தைத் தொட மாட்டான். நான் என்ன லண்டன்லேருந்தா இறங்கி வந்தேன்? எங்கப்பன் செத்தப்ப பக்கத்து வீட்டுக்காரன் தெரியாம ரெண்டு வாழைக்கன்னு நட்டுட்டான்னு பிடுங்கிப் போட்டவன் நான். அப்ப எனக்குப் பதினாறு வயசு. எனக்கு முறை சொல்லிக் குடுக்கறா உங்கத்தை. அவ மூணாங்கிளாஸ்ல என்கிட்டதான் வாய்ப்பாடு படிச்சா. ஏழாம் வாய்ப்பாடு இன்னிக்கு வரைக்கும் அவளுக்கு வராது, வேணும்னா கேட்டுப் பாரு.

தெரியாம அடிச்சதுக்கும் தெரிஞ்சு அடிச்சதுக்கும் வித்தியாசம் இருக்கா இல்லையா? அதைத்தான் நான் கேக்கறேன். ஊர்க் கூட்டத்துல எழுந்து நின்னு கேட்டேன். சேர்மன் நகத்தைக் கடிச்சிட்டு இருந்தான். உங்கத்தை, இவரு வாத்தியார், இவருகிட்டப் பேசி ஜெயிக்க முடியாது, அதனால ஓட்டுப் போடுங்கன்னா. ஓட்டு! முப்பத்தி ரெண்டு கை தூக்கினாங்க. அதுல பதினோரு கை என்கிட்டப் பிரம்படி வாங்கின கை. நான் எண்ணினேன்.

சரி, சனிக்கிழமை யாரு அடிக்கப் போறா? சொல்லேன். வாயில என்ன வச்சிருக்கே? எனக்குத் தெரியும், முயிங்கோ சொன்னான். மசாக்காவுலேருந்து மஞ்சச் சட்டை கோஷ்டி. ஓட்டல்ல வெள்ளைக்காரன் சாப்பிடறப்ப அடிக்கறானுங்களே, அந்தப் பசங்க. பாத்திருக்கேன்டா. பல்லைக் காட்டிட்டே அடிப்பானுங்க. சிரிக்கறவன் கை எண்ணிக்கையை விடும். எங்கலாபியைத் தலைக்கு மேல தூக்கி வேற காட்டுவானுங்க. உடும்புத்தோல் கட்டின மேளம், நெஞ்சுயரம் இருக்கு, அதைப் போய்க் குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்கறானுங்க. இறக்கறப்ப அடி விளிம்பு வெடிச்சிடும். வெடிக்கட்டும், வாடகை மேளம்தானே.

எவ்வளவு குடுத்தே அவனுங்களுக்கு? சொல்லாதே, எனக்கு வேண்டாம். உங்கப்பன், முயிங்கோ, நான், மூணு பேரும் இருபத்தி ரெண்டு வருஷம் அடிச்சோம், ஒரு ஷில்லிங் வாங்கினதில்ல. கல்யாணத்துக்குக் கூப்பிட்டாங்க, போகல. எம்.பி. வரார்னு கூப்பிட்டாங்க, உங்கப்பன் தோல் நனைஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டான். நல்ல வெயில் காலம், அவன் மூஞ்சியைப் பாக்கணுமே. எங்களுக்கு ஆசைக்கு அடிக்கணும், அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு, சாப்பிட்டு, மத்தியானம் இந்தப் பலாமரத்தடி. கேக்கறதுக்கு மூணு மாடு, என் பொண்டாட்டி. மாடுங்க குறை சொன்னதில்ல.

உங்கப்பன் மசாக்கா ரோட்ல இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினவன். முயிங்கோ தோல் வியாபாரம். நான் கணக்கு வாத்தியார். மூணு பேருக்கும் பொதுவா ஒன்னுமே கிடையாது, மேளமும் புகை பிடிக்கற சுங்கானும் தவிர. ஆரம்பத்துல அதுவே தகராறு. வாயில சுங்கானை வச்சிட்டு எப்படிடா அடிக்கறதுன்னு முயிங்கோ கேட்டான். உங்கப்பன் சொன்னான், கியர் மாத்திட்டே, டிக்கெட்காரனைத் திட்டிட்டே, ரேடியோவுக்குத் தாளமும் போட்டவன்டா நான், எனக்கு ரெண்டு கையும் ஒரு வாயும் தாராளம்னு. அவன்தான் குழாயை வெட்டச் சொன்னான். மத்தவங்க சுங்கானுக்குக் கை நீளம் குழாய் இருக்கும்ல, எங்களோடதுக்கு ஒரு சாண் கூட இருக்காது. நீளமா இருந்தா குனியறப்ப தோல்ல இடிக்கும். களிமண் கிண்ணம், குட்டைக் குழாய். ஊர்ல சிரிச்சாங்க, குழந்தைங்க பால் குடிக்கற மாதிரி இருக்குன்னு. சிரிக்கட்டும்.

இந்தச் சேர்மன் இருக்கானே, டேப்பைத் தூக்கிட்டு வந்தான். சர்ச்சுலேருந்து அம்பது மீட்டருக்குள்ள புகை பிடிக்கக் கூடாது, சட்டம் வந்திருக்கு வாத்தியாரேன்னான். நான் ஸ்கூல் அளவுச் சங்கிலியை எடுத்தேன். சர்ச்சுச் சுவர்லேருந்து பலாமரம் அறுபத்தி மூணு மீட்டர். அவன் விடல. கல்லறைச் சுவர்லேருந்து அளக்கணும்னான். ஏன்டா, உள்ள படுத்திருக்கறவங்களுக்கு நுரையீரல் இருக்கான்னு கேட்டேன். அன்னிக்கு ஆரம்பிச்ச வன்மம். அந்த முத்திரை அதுக்குத்தான். உங்கப்பன் பொணம் அவனுக்கு ஒரு சாக்கு.

அப்புறம் ஆஸ்பத்திரியில இருக்கற அந்த நர்ஸ் பொண்ணு. சுங்கான்தான் இதயத்தைக் கொன்னுடுச்சுன்னு ஊர் முழுக்கச் சொல்றா. எழுபத்தி நாலு வயசு. லுக்காயா சதுப்புல மழைக்காலத்துல பஸ் ஓட்டினவன், ரெண்டு தடவை கவுந்தவன். ரோடு கொல்லாததைச் சுங்கான் கொன்னுடுச்சாம்.

டீ வந்துடுச்சு, எடுத்துக்கோ. சர்க்கரை போட்டிருப்பா. பாத்தியா, வச்சிட்டுப் போயிட்டா, உன்னை எப்படி இருக்கேன்னு கூடக் கேக்கல. உன்கிட்டக் கோபம் இல்லடா அவளுக்கு.

என்ன? ஆமா. அது உண்மைதான், அந்த ஒப்பந்தம் உண்மைதான். யாரு சொன்னா, உங்கப்பனா? மூணு பேருல எவன் முதல்ல போறானோ, அவன் கடைசிச் சடங்குக்கு மிச்ச ரெண்டு பேரும் அடிக்கணும். வேற யாரும் அடிக்கக் கூடாது. அதுக்கு மட்டும்தான் இந்த முத்தத்தை விட்டு மேளத்தை வெளிய எடுக்கறதுன்னு பேச்சு. முயிங்கோ முதல்ல போவான்னுதான் நாங்க நினைச்சோம், அவனுக்குத்தான் சர்க்கரை வியாதி. உங்கப்பன் அவன்கிட்டயே கேப்பான், டேய், உனக்கு எந்தத் தாளம் வேணும், இப்பவே சொல்லிடு, பழகிக்கறோம்னு. முயிங்கோ பதிலுக்கு, நீ முதல்ல போ, நான் உனக்குப் பஸ் ஹாரன் மாதிரி அடிக்கறேன்னுவான்.

அதனாலதான்டா எனக்கு வயிறு எரியுது. எனக்குச் சாப்பாடு வேண்டாம், மரியாதை வேண்டாம், முன் வரிசை நாற்காலி வேண்டாம். நீ பட்டம் வாங்கிட்டு வாசல்ல நிக்கறப்ப, உங்கப்பன் பேருக்கு ஒரு சுங்கான் நேரம் நான் அடிக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன். அதுக்கு முப்பத்தி ரெண்டு கை.

ஒரு சுங்கான் நேரம்னா? உனக்குத் தெரியாதா? உங்கப்பன் சொல்லலையா? அப்ப உனக்கு ஒன்னுமே தெரியாது. அது தெரியாம எப்படித் தீர்ப்புச் சொல்ல வந்தே? கேளு.

எங்களுக்குக் கடிகாரம் கிடையாது. புகையிலைதான் கடிகாரம். சோடா மூடியில ரெண்டு மூடி, தட்டி அளந்து, மூணு பேருக்கும் ஒரே அளவு. மேளத்துக்கு வாழைச்சருகுல சூடு காட்டுவோம்ல, அந்த நெருப்புலேருந்து ஒரே கங்கு. அதுலயே மூணு பேரும் பத்த வச்சுக்கணும். பத்தினதும் ஆரம்பம். சுங்கான் எரியற வரைக்கும் அடிக்கணும். அணைஞ்சா முடிஞ்சுது, மறுபடி பத்த வைக்கக் கூடாது. கையை மடியில வச்சு, கண்ணை மூடி, பேசாம உக்காந்துக்கணும். கடைசியா யாரு சுங்கான் எரியுதோ அவன் தனியா அடிப்பான். அந்தத் தனி ஆட்டம் அவனுக்கு. மத்தவங்க கேக்கணும்.

விளையாட்டு மாதிரி தெரியுதுல்ல? இது லேசு இல்லடா. வேகமா இழுத்தா சீக்கிரம் தீந்துடும். இழுக்காம விட்டா அணைஞ்சிடும். கை வேகமா ஓடறப்ப மூச்சும் வேகமா ஓடும், அப்பத்தான் சுங்கான் காட்டிக் குடுக்கும். அடிக்கற வேகத்துல மூச்சு வாங்காம இருக்கறவன்தான் ஜெயிப்பான். உங்கப்பன் தொண்ணூத்தொம்பது தடவை ஜெயிப்பான். நூறாவது தடவையும் அவன்தான் ஜெயிப்பான். முயிங்கோ பாதியிலேயே அணைஞ்சிடுவான், அவன் வேகவேகமா இழுக்கறவன், எதுலயும் பொறுமை கிடையாது. அப்புறம் நானும் உங்கப்பனும். அப்புறம் நான். அப்புறம் உங்கப்பன் மட்டும். இருபத்தி ரெண்டு வருஷம் நான் கண்ணை மூடிட்டு அவன் தனி ஆட்டத்தைக் கேட்டேன். நல்லா அடிப்பானா? என்ன கேள்வி இது. நீ பொறந்த வீட்டுலேயே இருந்துக்கிட்டு நீ கேட்டதில்லையா? ஹாஸ்டல்ல போட்டுட்டான் உன்னை. சரி.

இன்னொன்னு இருக்கு, இதான் முக்கியம். அணைஞ்சவனைத் திரும்பிப் பாக்கக் கூடாது. இது எப்படி வந்துச்சுன்னா, ஒரு தடவை முயிங்கோ சுங்கான் ரெண்டு நிமிஷத்துலயே அணைஞ்சுது. உங்கப்பன் திரும்பிப் பாத்து, என்னடா, உன் சுங்கானுக்கு ஆஸ்துமாவான்னான். முயிங்கோ எழுந்து போயிட்டான். ரெண்டு மாசம் வரல. ரெண்டு மாசம்! ரெண்டு பேரா அடிக்கறது மூணு கால் மேஜையில ஒரு கால் போன மாதிரி. கடைசியில நான் போய்க் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். அன்னிக்குத்தான் முடிவு பண்ணினோம். அணைஞ்சவனை யாரும் பாக்கறதில்ல. பேசறதில்ல. அவனும் எழுந்திருக்கறதில்ல. எல்லாம் அணையற வரைக்கும்.

இப்பப் புரியுதா? இதைத்தான் நான் கூட்டத்துல சொன்னேன். ஒருத்தன் உக்காந்திருக்கான், கை மடியில, தலை குனிஞ்சிருக்கு, கண் மூடியிருக்கு. எங்களுக்கு அதுக்கு என்ன அர்த்தம்? அணைஞ்சுட்டான்னு அர்த்தம். பாக்கக் கூடாதுன்னு அர்த்தம். வேற எந்தக் கோஷ்டியா இருந்தாலும் ஓடிப் போய் உலுக்கியிருப்பான். நாங்க உலுக்க மாட்டோம். அது மரியாதைக் குறைவு. உங்கத்தை சிரிச்சா. இப்படி ஒரு முட்டாள் சட்டம் உலகத்துல உண்டான்னா. உண்டு அம்மா. பலாமரத்தடியில உண்டு.

அன்னிக்கு? அன்னிக்கு நடந்ததுதான் எல்லாருக்கும் தெரியுமே. பிப்ரவரி. சரியான வெயில், தூசி. உங்கப்பன் லேட்டா வந்தான். இடது கை வலிக்குதுன்னான். இருபத்தெட்டு வருஷம் ஸ்டியரிங் பிடிச்ச கை வேற என்ன செய்யும்னு நான் கேட்டேன். முயிங்கோ, நேத்து ராத்திரி கள்ளுக்கு மேல கள்ளு குடிச்சா கை மட்டுமா வலிக்கும்னான். சிரிச்சோம். அவனும் சிரிச்சான். அளந்தோம், பத்த வச்சோம். அவன் எங்கலாபி, நான் பெரிய மேளம், முயிங்கோ சின்னது. ஆரம்பத்துலேருந்தே நல்லா இருந்துச்சு. சில நாள் அப்படி அமையும், யாரும் யாரையும் இழுக்க வேண்டாம். முயிங்கோ வழக்கம் போலப் பாதியில அணைஞ்சான். அப்புறம் நாங்க ரெண்டு பேரு. அப்புறம் எங்கலாபி நின்னுடுச்சு.

நின்னுடுச்சு, அவ்வளவுதான். அணைஞ்சுட்டான்னு நினைச்சேன். நான் தொடர்ந்து அடிச்சேன். என் சுங்கான் எரியுது, சட்டப்படி நான் அடிக்கணும். என் சுங்கான் அணைஞ்சுது. கையை மடியில வச்சேன். அதுக்குள்ள என் பொண்டாட்டி வறுத்த சோளம் கொண்டு வந்தா, அவதான் பாத்தா, அவதான் கத்தினா. அப்புறம் பைக்ல ஏத்தி, நடுவுல உக்கார வச்சு, பின்னாடி முயிங்கோ பிடிச்சிட்டு, ஆஸ்பத்திரி. அங்க அந்த நர்ஸ் பொண்ணு, எப்பவோ போயிட்டாரேன்னா.

எவ்வளவு நேரம்னு எல்லாரும் கேட்டாங்க. கால் மணி. நான் அளந்து சொல்றவன், பொய் சொல்ல மாட்டேன், கால் மணி. முயிங்கோவை ஏன் யாரும் கேக்கல? அவனும்தான் அங்க இருந்தான். அவன் அணைஞ்சு கண்ணை மூடிட்டு இருந்தான், அதுவும் அந்தப் பக்கம், நடுவுல நான். அவனுக்குப் பாதித் தூக்கம் வேற. அவனை விட்டுட்டாங்க. என்னை மட்டும், பொணத்துக்குப் பக்கத்துல அடிச்சவன்னு. அடக்கத்தன்னிக்கு என்னை வேலிக்கு இந்தப் பக்கம் நிக்க வச்சாங்கடா. உங்கப்பன் பெட்டியை இறக்கறப்ப நான் வேலியில கையை வச்சிட்டு நின்னேன். முள்வேலி. நீ பாத்தே, நீ அந்தப் பக்கம் நின்னே. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உள்ள விட்டிருப்பாங்க. இதான் உன் முறை, இப்ப உன்னைத் திட்டறேன், வாங்கிக்கோ. ஒரு வார்த்தை. நீதான் பிள்ளை. இன்னிக்கும் நீதான் வாரிசு. உங்கத்தை கையெழுத்துக்கு மேல உன் கையெழுத்து ஒன்னு போட்டா இந்தக் கடுதாசி அடுப்புக்குப் போயிடும். அதுக்குத்தான் உன்னை உக்கார வச்சேன், இஞ்சி டீ குடுத்தேன், எல்லாம்.

என்ன?

மெதுவாப் பேசு, காத்துல கேக்கல. கால்சட்டையா? எந்தக் கால்சட்டை?

ம். சாம்பல் கலர். உங்கப்பனோடது, அது உன்கிட்டதான் இருக்கா. ஆமா, வாரிசுக்குத்தானே துணியெல்லாம் வரும். தொடையில ஓட்டையா. எவ்வளவு பெருசு? சோளமணி அளவா. அது பழைய ஓட்டையா இருக்கும்டா. சுங்கான் பிடிக்கறவன் எவன் கால்சட்டையில ஓட்டை இல்லாம இருக்கு? என்னோடதைப் பாரு, இங்க, இங்க, இங்க. ஜல்லடை.

அதுவா. நீ கிறிஸ்மஸுக்கு வாங்கிக் குடுத்ததா அது.

புதுசு.

ஆமா, அன்னிக்குத்தான் முதல் தடவையாப் போட்டுட்டு வந்தான். பாருடா, என் பையன் எனக்கு மந்திரி கால்சட்டை வாங்கிக் குடுத்திருக்கான்னு முத்தத்துல ஒரு சுத்துச் சுத்திக் காட்டினான். முயிங்கோ, உள்ள இருக்கறது பழைய டிரைவர் காலுதானேன்னான். ஞாபகம் இருக்கு.

நீ கெட்டிக்காரன்தான். உன்னை நான் படிக்க வைக்கல, ஆனா யாரோ நல்லாப் படிக்க வச்சிருக்கான். அணைஞ்ச சுங்கான் மடியில விழுந்தா துணி பொசுங்காது. அதானே கேக்கறே?

அதான் கேக்கறே.

டீயைக் குடி. ஆறிப்போனாலும் குடி. நான் சொல்றதை நடுவுல நிறுத்தாதே, நிறுத்தினா மறுபடி சொல்ல மாட்டேன்.

அணையல. அவன் சுங்கான் அணையல. கை நின்னப்ப புகை வந்துட்டு இருந்துச்சு. நான் அவனுக்குப் பக்கவாட்டுல இருந்தேன், திரும்ப வேண்டிய அவசியமே இல்ல, கண் ஓரத்துல தெரியும். அடியும் முடியல. ஒரு சுத்து அடிக்கறதுல பாதியில நின்னுடுச்சு. அவன் அப்படி நிறுத்தறவன் இல்ல. பஸ்ஸை நடு ரோட்ல நிறுத்தினாலும் நிறுத்துவான், அடியை நடுவுல நிறுத்த மாட்டான். அப்புறம் சுங்கான் வாயிலேருந்து சரிஞ்சு மடியில விழுந்துச்சு. துணியிலேருந்து ஒரு புகை, வெள்ளையா, நூல் மாதிரி. தொடையில கங்கு பட்டா ஒரு மனுசன் துள்ளணும்ல? துள்ளல.

பாத்தேன். நல்லாவே பாத்தேன். செத்துட்டான்னு நினைச்சேனா, மயக்கம்னு நினைச்சேனான்னு கேட்டா, நான் ஒன்னும் நினைக்கல. நினைச்சா நிறுத்தணும்டா. இருபத்தி ரெண்டு வருஷத்துல முதல் தடவையா என் சுங்கான் மட்டும் எரியுது. போட்டிக்கு எங்கலாபி இல்ல, யாரும் என்னை முந்தல. தனி ஆட்டம் எனக்கு. கால் மணி நேரம். நான் அதுக்கு முன்னாடி அப்படி அடிச்சதில்ல, அதுக்கப்புறம் மேளத்தைத் தொட்டதே இல்ல. கை தானாப் போச்சு. மூச்சு வாங்கல. ஒரு எண்ணிக்கை தப்பல. அடிச்சு முடிச்சு, அணைஞ்சு, கையை மடியில வச்சுக் கண்ணை மூடினேன். என் பொண்டாட்டி சோளத் தட்டோட வாசல்லயே நின்னுட்டு இருந்திருக்கா, எவ்வளவு நேரமாவோ தெரியாது. நான் கேட்டதில்ல. அவளும் சொன்னதில்ல.

ஆஸ்பத்திரிக்குப் பைக்ல பன்னெண்டு நிமிஷம், நான் அடிச்சது பதினஞ்சு. எனக்குக் கழித்தல் தெரியும், நீ போட வேண்டாம்.

இல்ல, கையெழுத்துப் போடாதே. பேனாவை உள்ள வை. அவங்க எழுதினது சரிதான். பொணத்துக்குப் பக்கத்துல அடிச்சேன். தெரியாம அடிச்சான், இருந்தாலும் குத்தம்னு அவங்க தீர்ப்புச் சொன்னாங்க. விடை சரி, வழி தப்பு. முப்பத்தாறு வருஷம் அந்த மாதிரிக் கணக்குக்கெல்லாம் முட்டை போட்டிருக்கேன், அழுத பிள்ளைக்கும் போட்டிருக்கேன். இதுக்கு மட்டும் முழு மார்க்.

மஞ்சச் சட்டைக்காரனுங்களே அடிக்கட்டும். வாத்தியார் ரொம்பச் சத்தம் போட்டாரு, கடைசியில ஒத்துக்கிட்டாருன்னு உங்கத்தைகிட்டச் சொல்லு. ஏன் ஒத்துக்கிட்டாருன்னு கேப்பா. சொல்லணும்னா சொல்லு. நீதான் வாரிசு.